பூட்டுக்குள்ளே ஒரு கதவு

அத்தியாயம் 9

அந்தப் படத்தை இப்போது மதுரையில் பார்க்காதவர்கள் குறைவு.

சுவரளவுக்குப் பெரிய பூட்டு ஒன்று. அதன் சாவித் துவாரத்துக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு கதவு. கதவுக்கு மேலே பச்சை எழுத்தில் 'அவசர வழி'. படத்துக்கு அடியில் விளம்பரம் மாதிரி இரண்டு வரி: 'தீப்பிடித்தால் சாவிக்கு மாடியில் அணுகவும். சாப்பாட்டு நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது.'

வரைந்தவள் சனோபர். சிம்மக்கல்லில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் என்று பகல் முழுக்க ஊரார் முகங்களை வெளுப்பாக்கிக் கொடுப்பது அவள் வேலை. தனக்காக வரைவது வேறு. விசில் உள்பக்கமாக அடிக்கும் குக்கர். அடியில் வாய் வைத்த குடம். தலையில் படாதபடி பற்களைப் பிடிக்குள்ளே மடக்கி வைத்த சீப்பு. எதுவும் எதற்கும் உதவாது. 'ஆகாத சாமான்' என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் போடுவாள். நாற்பதாயிரம் பேர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பூட்டுப் படத்தைப் போட்ட இருபத்திரண்டாம் நாள், காளவாசலில் அவள் கணவன் ஆசிப் வேலை பார்த்த ஜவுளிக்கடை எரிந்தது.

முதல் மாடியில் பிடித்த தீ. புகை முன்படி வழியாக மேலே ஏறியது. நாலாவது மாடியில் இருந்தவர்கள் மொட்டைமாடி ஏறிப் பக்கத்துக் கட்டிடத்துக்குத் தாவித் தப்பினார்கள். மூன்றாவது மாடியில் பாதிப் பேர் ஜன்னலை உடைத்து இறங்கினார்கள். மீதிப் பேர் பின்பக்க இரும்புக் கதவை நம்பி ஓடினார்கள். அது திறக்கவில்லை. சேலைப் பிரிவில் நின்ற பாண்டிமீனாவும், கூட்டிப் பெருக்கும் ராக்கம்மாளும் அந்தக் கதவடியிலேயே செத்துப்போனார்கள். பில் போடும் வேலையில் இருந்த முபீனா, ஆசிப்பின் ஒரே தங்கை, பதினெட்டு நாளாகப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

கதவு பூட்டப்படவே இல்லை, சூட்டில் இறுகிக்கொண்டது என்றது கடைத் தரப்பு. தீயணைப்பு ஆட்கள் கதவைச் சட்டத்தோடு பெயர்த்து எறிந்திருந்தார்கள். சாம்பலைச் சலித்தும் பூட்டு கிடைக்கவில்லை. முதலாளி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் யாரோ அந்தப் படத்தைத் தேடி எடுத்து, போட்ட தேதியோடு சுற்றுக்கு விட்டார்கள். வரைந்தவளின் கணவன் அதே கடையின் மூன்றாவது மாடி சூப்பர்வைசர் என்ற தகவலும் கூடவே போனது.

இன்று மாலை மூன்று மணிக்கு விசாரணை அதிகாரி முன்னால் சனோபர் ஆஜராக வேண்டும்.

* * *

காலை எட்டு மணிக்கே பீமாராவ் வந்துவிட்டார். கடையின் மேனேஜர்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடும்மா. உங்க வீட்டுப் படி ஏறுறதுக்குள்ள மூச்சு முட்டிருது."

அடங்கிய, இதமான குரல். அந்தக் குரலுக்காகவே கடைப் பெண்கள் அவரை வாய் நிறைய அண்ணே என்பார்கள். தண்ணீரைக் குடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"வக்கீல் ரெண்டே வரில முடிச்சிட்டாரு. 'இந்தப் படம் முழுக்க என் கற்பனை. எந்தக் கடையையும் மனசுல வச்சு வரையல.' அம்புட்டுதான். கீழ ஒரு கையெழுத்து."

சனோபர் தாளைத் தொடவில்லை.

"இதுல பொய் என்னம்மா இருக்கு? விசில் உள்ள அடிக்கிற குக்கர எந்த வீட்ல பாத்து வரைஞ்ச? மனசுல தோணுச்சு, வரைஞ்ச. இதுவும் அப்படித்தானே?"

ஆசிப் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தாடி பதினெட்டு நாள் வளர்ந்திருந்தது.

"முபீனா பத்திதான் முதலாளிக்கு ஒரே கவலை," என்றார் பீமாராவ். "நுரையீரலுக்குன்னே பெரிய டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே மாத்திரலாம்னு இருக்காரு. ஆம்புலன்ஸுக்குக்கூட நேத்தே சொல்லிட்டேன். அந்தப் புள்ளைய நல்லாக்கிக் கொண்டுவந்து உங்க கையில குடுக்குறது எங்க பொறுப்பு." எழுந்துகொண்டே சேர்த்துச் சொன்னார்: "ஆசிப் தம்பி எழுதிக் குடுத்ததுக்கும் நீ சொல்றதுக்கும் முரண் வந்துறக்கூடாது பாரு. அதுக்குத்தான் நானே நேர்ல வந்தேன். வாரேம்மா."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியது.

"என்ன எழுதிக் குடுத்தீங்க?"

ஆசிப் தலை நிமிரவில்லை.

"மச்சான், உங்களத்தான்."

"கதவு தொறந்துதான் இருந்துச்சுன்னு. மூணாம் நாளே."

மூன்றாம் நாள் பாண்டிமீனாவின் உடலை ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஆசிப்பும் கூடப் போய் வந்தான். திரும்பி வந்து, ஒரு வாய் சோறு இறங்காமல் படுத்துக்கொண்டான். துக்கம் என்று சனோபர் நினைத்திருந்தாள்.

"பூட்டுனது யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காத சனா."

"நீங்க சொல்லி நான் கேக்கணும்."

"நான்தான்! தினம் காலைல பத்து மணிக்குப் பூட்டி, சாவியக் கொண்டுபோய் நாலாவது மாடில முதலாளி ரூம்ல மாட்டுவேன். அன்னைக்கும் பூட்டுனேன். அன்னைக்கும் மாட்டுனேன். போதுமா?"

பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள். ஆசிப் குரலைத் தாழ்த்தினான்.

"பின்வாசல் வழியா சேலையத் திருடிக் கீழ போடுறாங்கன்னு முதலாளி போட்ட உத்தரவு. நான் பூட்டலன்னா இன்னொருத்தன் பூட்டுவான். இப்ப நான் உள்ள போயிட்டா அம்மாவ யாரு பாக்குறது? முபீனாவ யாரு பாக்குறது? செத்தவங்க எந்திரிச்சா வரப்போறாங்க?"

"வரமாட்டாங்க."

"அப்புறம்?"

அவள் தாளை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். கையெழுத்துப் போடுவாளா மாட்டாளா என்று அவளுக்கே அப்போது தெரியாது.

"நீ மட்டும் நல்லவ இல்ல சனா," என்றான் ஆசிப். "பக்ரீத் அன்னைக்குச் சாப்பிடும்போது இந்தப் பூட்டு விஷயத்த நான் சொன்னேன். முபீனா எந்திரிச்சு, சாவி கேட்டுப் போய் முதலாளி ரூம் வாசல்ல நிக்கிற மாதிரி நடிச்சுக் காட்டுனா. நம்ம எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நீ உடனே நோட்ட எடுத்த. அன்னைக்கே, மச்சான் இது தப்பு, பூட்டாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னியா? படம்ல போட்ட?"

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

* * *

வார்டுக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள் நஜ்முன்னிசா. ஆசிப்பின் அம்மா. கணவர் போன பிறகு தையல் மிஷினை மிதித்து இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தவள். பதினெட்டு நாளில் குளிக்க மட்டும்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"மத்தியானம் தொண்டைக் குழாய எடுத்துப் பாக்கலாம்னு டாக்டர் சொல்லிருக்காரு," என்றாள். "துஆ செஞ்சுக்க."

"இன்ஷா அல்லாஹ் மாமி."

"பீமாராவ் போன் பண்ணாரு. கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

நஜ்முன்னிசா மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எம்மகன் பூட்டுனான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. பக்ரீத் அன்னைக்கு உங்களுக்கெல்லாம் கறி அள்ளி வச்சது நான்தானே? நானும் கேட்டேன். நானும் சிரிச்சேன். இவள அள்ளிட்டு வந்த அன்னைக்கே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு."

"மாமி..."

"ஒரு புள்ளைய தீ தின்னுருச்சு. இன்னொன்ன நீ தின்னுராத."

அவள் அழவில்லை. சொல்லி முடித்து, தஸ்பீஹ் மணிகளை மறுபடி உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சனோபர் உள்ளே போனாள். முபீனா மருந்து மயக்கத்தில் இருந்தாள். நர்ஸ் கைக்கட்டை மாற்றிக்கொண்டிருந்தார். புறங்கையில் ஒரு காயமும் இல்லை. உள்ளங்கை இரண்டிலும் குறுக்காக, ஒரே அகலத்தில், வெந்து உரிந்த ஒரு பட்டை ஓடியது.

"சூடான இரும்பை விடாமப் பிடிச்சு இழுத்திருக்கு இந்தப் பொண்ணு," என்றார் நர்ஸ், பஞ்சைக் குப்பையில் போட்டபடி. "சும்மா பட்டா இப்படி வராது."

சனோபர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவின் தாழ்ப்பாள் எவ்வளவு கனம், எவ்வளவு நீளம் என்று அந்தக் காயத்தை வைத்தே அவளால் வரைந்துவிட முடியும். அந்த எண்ணம் வந்ததும் அவள் வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

* * *

விசாரணை நடந்த அலுவலகத்தின் நீளமான பெஞ்சில் ஒரு ஓரமாக ஆசிப்பும் பீமாராவும் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு ஓரத்தில் சனோபர். ஆசிப் அவள் கைப்பையைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீதேன் அந்தப் பூட்டுப் படம் எழுதுன புள்ளையாத்தா?"

செக்கானூரணிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஒரு அம்மா. நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. சனோபருக்கு முகம் பிடிபட்டது. செய்தியில், பாண்டிமீனாவின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற மலையம்மாள்.

சனோபர் எழுந்தாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தாள்.

"ஒக்காரு. நானும் ஒக்காரணும். மூட்டு நிக்க விடமாட்டேங்குது."

இருவரும் உட்கார்ந்தார்கள்.

"எம்மக போனுல காட்டுனா. எம்மா, இது எங்க கடைதேன், எங்க ஆசிப் அண்ணன் வீட்டுல எழுதுனதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எனக்கு வெளங்கல. பூட்டுக்குள்ள எப்படிடீ கதவு இருக்கும்னு கேட்டேன். எங்க கடையில இருக்கும்மான்னா." மலையம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "கடையில அம்புட்டுப் பொம்பளப் புள்ளைகளும் பாத்துச்சுகளாம். சிரிச்சுச்சுகளாம்."

சனோபருக்கு இது தெரியாது. நாற்பதாயிரம் பேர் என்று எண்ணிக்கையாகத்தான் தெரியும்.

"உன்னைய இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லுன்னு கேக்க நான் வரல. ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்க மாட்டேங்குது. நம்மள உள்ள வச்சுப் பூட்டுறாகன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் எப்படிச் சிரிச்சா எம்மக?"

சனோபர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சிரிக்காட்டி மறுநா அங்க போயி நிக்க முடியாதும்மா."

மலையம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டாள். சரி என்கிறாளா, கிடையாது என்கிறாளா என்று புரியவில்லை.

உள்ளேயிருந்து சனோபரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

* * *

விசாரணை அதிகாரி கனகலட்சுமிக்கு ஐம்பது வயதிருக்கும். மேஜையில் சனோபரின் படங்களை அச்செடுத்து வரிசையாகப் பரப்பியிருந்தார். ஓரத்தில் டைப் அடிக்கும் பெண் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தாள்.

"எல்லாத்தையும் பாத்தேன். இந்தக் குக்கர் நல்லாருக்கு," என்றார் சிரிக்காமல். "இது கற்பனைதானே?"

"ஆமா மேடம். குக்கர் கற்பனை."

"பூட்டு?"

பையில் தாள் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் இரண்டு நிமிடத்தில் வெளியே போய்விடலாம். சனோபர் பையைத் திறக்கவில்லை.

"பூட்டு கற்பனை இல்ல மேடம்."

டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. கனகலட்சுமி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சாவிக்கு மாடியில் அணுகவும்னு எழுதியிருக்கீங்க. சாவி மாடியில இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்ரீத் அன்னைக்குச் சாப்பாட்டுல பேசிக்கிட்டிருந்தோம். காலைல பத்து மணிக்குப் பின்கதவப் பூட்டி, சாவிய நாலாவது மாடில மாட்டிருவாங்கன்னு சொன்னாங்க. கேட்டதத்தான் போட்டேன். பூட்ட மட்டும் பெருசா வரைஞ்சேன்."

"சொன்னது யாரு?"

மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றியது.

"எங்க வீட்டுக்காரர். முகமது ஆசிப்."

"பூட்டினது?"

"அவருதான். முதலாளி சொல்லி."

"இதனால அவருக்கு என்ன ஆகும்னு தெரியும்லம்மா?"

"தெரியும். இன்னொண்ணும் எழுதிக்கங்க மேடம். அத நானும் கேட்டுச் சிரிச்சேன். பூட்டாதீங்கன்னு சொல்லல. கடைக்குப் போயோ, உங்கள மாதிரி யார்கிட்டயோ போய்ச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. வரையத்தான் தோணுச்சு."

"அது வாக்குமூலத்துக்குத் தேவையில்லம்மா."

"எழுதிக்கங்க."

கனகலட்சுமி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, டைப் அடிக்கும் பெண்ணிடம் தலையசைத்தார். பக்கங்கள் அச்சாகி வரும்வரை சனோபரை ஓரத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஆசிப்பைக் கூப்பிட்டார்கள்.

அவன் உள்ளே வந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான். அதிலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"மூணாம் நாள் நீங்க எழுதிக் குடுத்தது வேற. உங்க மனைவி சொல்றது வேற," என்றார் கனகலட்சுமி. "எது நெசம்?"

"அவ சொன்னது."

"கதவு?"

"பூட்டியிருந்துச்சு. நான்தான் பூட்டுனேன்."

அதோடு முடிந்தது என்றே சனோபர் நினைத்தாள். ஆனால் ஆசிப் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம். நாலு மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு என் தங்கச்சி எனக்குப் போன் பண்ணா. நான் குடோன்ல சரக்கு இறக்கிக்கிட்டிருந்தேன். அண்ணே, புகையா வருது, பின்கதவு சாவி எங்கண்ணேன்னு கேட்டா."

அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோனது.

"மாடில முதலாளி ரூம்ல இருக்கு, போய் எடுத்துக்கன்னேன். ஜன்னல ஒடச்சிட்டுக் குதின்னு சொல்லிருக்கலாம். முன்படில வாயப் பொத்திக்கிட்டு ஓடுன்னு சொல்லிருக்கலாம். அப்ப புகை அம்புட்டு ஏறல. மேல போன்னு சொன்னேன். நான் சொன்னதக் கேட்டு மேல போயிட்டு வந்துதான் அவ மாட்டிக்கிட்டா." மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தான். "அவ கூப்பிட்டத என் போன்ல இருந்து அழிச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. இவகிட்டயும் சொல்லல."

பதினெட்டு நாளும் ஆசிப் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஒருநாள்கூட வார்டுக்குள் நுழையவில்லை. ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்று சொல்லி வராந்தாவிலேயே நின்றான். சனோபரும் அதை நம்பி, அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அவன் தோளில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது. போகவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ஜீப்பில் ஏறுவதற்கு முன் ஆசிப் அவளிடம் இரண்டே வார்த்தை சொன்னான்.

"அம்மாகிட்ட சொல்லிரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

பீமாராவ் வாசலில் போன் பேசி முடித்துவிட்டு அவளருகில் வந்தார்.

"ஆம்புலன்ஸ வேணாம்னு சொல்லிட்டேன் தங்கச்சி," என்றார். காலையில் தண்ணீர் கேட்ட அதே குரல்.

* * *

சனோபர் டவுன்பஸ்ஸில் நின்றபடியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். ஆறு மணி பார்வையாளர் நேரம். வராந்தா முழுக்கச் சாப்பாட்டுத் தூக்குகளோடு சனம். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நஜ்முன்னிசா வார்டு வாசலில் நின்றிருந்தாள். பீமாராவ் அவளுக்கும் போன் பண்ணியிருந்தார்.

"கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"ஆமா மாமி."

"விலங்கு போட்டாங்களா?"

"இல்ல."

நஜ்முன்னிசா வார்டுக் கதவைத் தள்ளிப் பிடித்தாள்.

"குழாய எடுத்துட்டாங்க. பேசுறா. மொத மொத என்ன கேட்டா தெரியுமா? மீனா எங்கம்மான்னா. பக்கத்து வார்டுல இருக்கான்னு பொய் சொல்லிட்டு வந்து நிக்கிறேன். போ. உள்ள போ. நம்ம வீட்ல உண்மையச் சொல்றவ நீதானே? நீயே போய்ச் சொல்லு."

சனோபர் உள்ளே போனாள்.

முபீனாவின் உதடுகள் வெடித்திருந்தன. மதினியைப் பார்த்ததும் கட்டுப் போட்ட கையை அசைக்கப் பார்த்தாள். முடியவில்லை. குரல் தாளைக் கிழிப்பதுபோல் வந்தது.

"மதினி... மீனா எந்த வார்டு?"

சனோபர் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் திரும்பிப் போனாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

"மீனா இல்ல முபீ. ராக்கம்மாக்காவும் இல்ல. அன்னைக்கே போயிட்டாங்க."

முபீனா கண்ணை மூடினாள். இமையோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. சனோபர் துப்பட்டா நுனியால் ஒற்றினாள். அடுத்த கட்டிலில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்தார்கள்.

"அண்ணன் ஏன் வரல?"

"அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. பூட்டுனது, நீ போன் பண்ணது, சாவி மேல இருக்குன்னு உன்ன அனுப்பிச்சது, எல்லாம். தன்னாலதான்னு எழுதிக் குடுத்துட்டாரு."

முபீனா கண்ணைத் திறந்தாள். தலை இப்படியும் அப்படியும் அசைந்தது.

"அண்ணன் சொன்னது சரிதான். போனேன் மதினி. மீனாவும் வந்தா. சாவி அங்கதான் இருந்துச்சு."

"என்னடி சொல்ற?"

"பீமாராவ் அண்ணன் இருந்தாரு. பெட்டில என்னமோ எடுத்து அடுக்கிக்கிட்டிருந்தாரு. சாவி குடுங்கண்ணேன்னேன்." மூச்சு வாங்கியது. சனோபர் தண்ணீரில் நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தாள். முபீனா அதைத் தள்ளிவிட்டுப் பேசினாள். "எடுத்தாரு. எடுத்துத் தன் பைல போட்டுக்கிட்டாரு. கதவத் தொறந்தா சரக்கு நிக்காது தங்கச்சி, ஒண்ணும் ஆகாது, கீழ போங்கன்னாரு. மீனா அவர் கால்ல விழுந்தா மதினி."

சனோபரின் பின்னால் ஏதோ கீழே விழுந்தது. தஸ்பீஹ். நஜ்முன்னிசா எப்போது உள்ளே வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கிழவி போலத் தளர்ந்து வந்தவள் கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள்.

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தாள். சனோபரிடம் திருப்பிக் காட்டினாள். பீமாராவ்.

அடித்து ஓயும்வரை மூவரும் அந்தப் போனையே பார்த்தார்கள்.

"விசாரிச்ச அந்தம்மா இன்னும் ஆபீஸ்ல இருப்பாங்களா?" என்றாள் நஜ்முன்னிசா.

"தெரியல மாமி. போய்ப் பாக்கணும்."

"ஓடு. இங்க கூட்டிட்டு வா. இவ வாயால சொல்றத அவங்க காதால கேக்கட்டும்." ஸ்டூலை இழுத்து, வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நீ வர்ற வரைக்கும் எவன் வந்தாலும் எம்புள்ளகிட்ட விடமாட்டேன். போத்தா, நிக்காத."